டெவனில் ஒரு மண்சுவர் வீடு

மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, திட்டாதே. மாடியில் ரூம் எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் போடக்கூட விடாமல் பிடித்து வைத்திருந்தது ஒரு வீடு. இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவனில் ஒரு கிராமத்தில் பழைய காட்டேஜ் விலைக்கு வந்திருக்கிறது. பெரிய தோட்டம், அதை ஒட்டிக் குதிரை மேய்க்கிற புல்வெளி இரண்டு ஏக்கர் (இங்கே அதை பேடாக் என்பார்கள்). போன சனிக்கிழமை பிரிஸ்டலில் இருந்து காரை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வைக்கோல் கூரை, மண்சுவர். ஆமாம், நம்ம ஊர் மண்சுவரேதான்! இங்கே அதற்குப் பெயர் காப். களிமண்ணில் வைக்கோலைப் போட்டுத் தண்ணீர் விட்டு மிதித்து, படை படையாக ஏற்றி, ஒரு படை இறுகின பிறகு அடுத்ததை வைத்து, அப்படியே இரண்டு மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சுவர் இரண்டடி கனம். ஜன்னல் மேடையில் ஏறி உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம். கூட்டிப்போன ஏஜெண்ட் பெண் சமையலறையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். உங்க அப்பத்தா வீட்டில் மத்தியான வெயிலில் ஓடிவந்து முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போமே, அந்தக் குளுமை.

அப்புறம்தான் வெளிப்பக்கம் சுற்றிப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான் சுவர் முழுக்க சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார். டெவன்காரர்கள் மண்சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் போதும் என்பார்கள், அதாவது மேலே ஒழுகாத கூரை, கீழே கல் அடித்தளம். அது இரண்டும் இருந்து, நடுவில் சட்டையை மாற்றிப் போட்டால் என்ன செய்வது? சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவர் வாங்கிய ஈரம் வெளியே போய்விடும். சிமெண்டில் ஒரு விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கும், திரும்பி வர வழி கிடையாது. வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே மண் குழைந்துகொண்டிருக்கும். ஒருநாள் சுவரே சரியவும் சரியும். வீட்டுக்குள் ஒரு மூலையில் புதுப் பெயிண்ட் வாசம் தூக்கலாக இருந்தது, ஈரக்கறையை மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

சரி, சிமெண்டை உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம் என்றால், வீடு சட்டம் பாதுகாக்கிற பழங்கட்டிடங்களின் பட்டியலில், கிரேடு 2 என்ற வகையில் இருக்கிறது. 1700க்கு முன்னால் கட்டி ஓரளவு அப்படியே நிற்கிற வீடுகள் எல்லாம் அநேகமாகப் பட்டியலில் வந்துவிடும். அதன் தோற்றத்தை மாற்றுகிற எந்த வேலைக்கும், உள்ளே ஒரு பழைய கதவைக் கழற்றுவதற்கும் சேர்த்துத்தான், முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால் அபராதத்தோடு போகாது, அது கிரிமினல் குற்றம். கூரைக்கு முகட்டை மட்டும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும், இன்சூரன்ஸ் தனி வயிற்றெரிச்சல்.

புல்வெளிதான் வேடிக்கை. அங்கே நம் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிப் பூச்செடி வைத்துத் தோட்டமாக ஆக்க முடியாது, அதற்கு உள்ளாட்சியிடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். ஆனால் காய்கறி போடலாம், அது விவசாயம்! இதைக் கேட்டதும் இவள் கத்தரிக்காய்க்குப் பாத்தி பிரிக்க ஆரம்பித்துவிட்டாள், டெவன் குளிரில் கண்ணாடிக் கொட்டகை இல்லாமல் எங்கே காய்க்கும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு ஓரமாக மஞ்சள் பூ பூத்துக் கிடந்தது, ராக்வொர்ட். குதிரை தின்றால் ஈரல் போய்விடும், பச்சையாக இருக்கும்போது கசக்கும் என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடும், தீவனப் புல்லோடு காய்ந்து சேர்ந்தால் கண்டுபிடிக்காது. குனிந்து குனிந்து வேரோடு பிடுங்க வேண்டும். போதாததற்கு, நடுவே ஊர்ப்பொது நடைபாதை ஒன்று போகிறது, யாரும் எப்போதும் நடந்துபோகலாம், நாம் மறிக்கக் கூடாது. எனக்கு அது பிடித்திருந்தது. இவளுக்கு இல்லை.

இங்கே வாய்வார்த்தையாக விலை பேசி முடித்தாலும் ஒப்பந்தம் கைமாறும் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை. அதனால் அவசரப்படவில்லை. பழைய வீடு தெரிந்த ஒரு சர்வேயரை (இங்கே வாங்குவதற்கு முன் கட்டிடத்தின் நிலையைச் சோதித்துச் சொல்கிறவர்) ஈரம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து 'சரி' என்று வந்தால்தான் விலை கேட்பேன்.

இப்போது உன் விஷயம். மாடி எடுப்பதற்கு முன்னால் அப்பத்தா வீட்டுப் பின்சுவரை இடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். 'சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை' என்றாயே, அது எந்த வருஷம் பூசினது? அடியில் ஒரு கை அகலத்துக்குத் தட்டி எடுத்துப் பார், மண் ஈரமாக இருக்கிறதா என்று. இடிப்பதைப் பொங்கல் வரை தள்ளிப்போடு, நான் ஜனவரியில் வருகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது உங்கள் பக்கம் இன்னும் இருந்தால் விசாரித்து வை.