செல்விக்கு, வியாழக்கிழமைக்கு முன்

அன்புள்ள செல்விக்கு,

பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், பயப்படாதே. போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுகிறார்கள். நீயும் "சரிக்கா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். உன் நிலையில் இருக்கும் வேறு யார் கண்ணில் பட்டாலும் நல்லதுதான்.

மாப்பிள்ளைக்குக் கிட்னி கொடுக்கப் போகிறேன் என்றாய். கொடுக்கலாமா என்று நீ கேட்கவில்லை. அந்த வீட்டில் இந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார்? அவருக்கு அண்ணன் இருக்கிறார், அக்கா இருக்கிறார். இருவரும் ரத்த குரூப்கூடப் பார்க்கவில்லை என்கிறாய். கூடப் பிறந்தவர்களுக்குள் திசு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. (இப்போதுள்ள மருந்துகளால் மனைவி கொடுத்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.) நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அது தானாக அமைந்தது என்று நான் நம்பவில்லை.

நானும் கொடுத்தவள்தான். 2016இல், என் தம்பிக்கு, அதாவது உன் அண்ணனுக்கு. ஊரே என்னைத் தெய்வமாக்கியது உனக்கு நினைவிருக்கும். யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் கொடுக்க ஏற்றவர் இல்லை என்று வீட்டில் நான் சொல்லிக்கொள்கிறேன். காரணம் யாருக்கும் தெரியாது" என்றார். நான் அழுதுவிட்டேன். அதுவரை யாரும் என்னைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து யோசித்துத்தான் சம்மதித்தேன். அந்த இரண்டு நாள் இல்லாமல் போயிருந்தால், அவன் மாத்திரையை ஒரு வேளை மறந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும். இப்போது திட்டுவதோடு சரி.

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டாய். லேப்ராஸ்கோப்பிதான். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், கிட்னியை வெளியே எடுக்க அடிவயிற்றில் சிசேரியன் மாதிரி ஒரு வெட்டு. பெரும்பாலும் இடதுபக்கக் கிட்னியைத்தான் எடுப்பார்கள், அதன் ரத்தக்குழாய் நீளம். எனக்குத் தையலைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவால் அப்படி வருமாம். மறுநாள் தம்பி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தான், நான்தான் நோயாளி மாதிரி கிடந்தேன். ஒன்றரை மாதம் குடம் தூக்கவில்லை. மிச்சமிருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்து வேலையை ஏற்றுக்கொள்ளும். ஆனால் முன்பிருந்த முழு அளவுக்கு வராது. வலி மாத்திரைகளை மெடிக்கலில் நம் இஷ்டத்துக்கு வாங்கி விழுங்க முடியாது. வருடம் ஒருமுறை ரத்தம், சிறுநீர், பிரஷர் பார்த்தாக வேண்டும்.

ஆபத்தை மறைக்க மாட்டேன். அமெரிக்கக் கணக்குப்படி கொடுத்தவர்களில் 10,000 பேருக்கு சுமார் 3 பேர் முன்பு ஆபரேஷனை ஒட்டி இறந்தார்கள்; 2013 முதல் 2022 வரையிலான கணக்கில் அது ஒருவருக்கும் குறைவு. வாழ்நாளில் சொந்தக் கிட்னி செயலிழப்பது 10,000 பேருக்குச் சுமார் 90. அதே அளவு ஆரோக்கியமாக இருந்தும் கொடுக்காதவர்களில் அது 14. குறைந்த எண்தான், ஆனாலும் ஆறு மடங்கு.

உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நான் கொடுத்தபோது எனக்கு 43 வயது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். உனக்கு 29. பாப்பாவுக்கு ஒரு தம்பியோ தங்கையோ வேண்டும் என்கிறாய். கொடுத்த பிறகும் பிள்ளை பெறலாம், பெரும்பாலோருக்கு நல்லபடியாகவே ஆகிறது. ஆனால் கர்ப்பகால பிரஷர் கூடுதலாக வருகிறது. 2015இல் வெளிவந்த ஒரு கனடா ஆய்வில் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கு 11, மற்றவர்களுக்கு 5. இதை டாக்டரிடம் நீயே வாய்விட்டுக் கேள்.

பேப்பர் வேலைக்குக் கவலைப்படாதே. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவு, கல்யாணச் சான்றும் ஆதாரும் கேட்பார்கள். பணம் வாங்கினாயா என்றுகூடக் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதே. ஒரு காலத்தில் கிட்னி விற்றவர்கள் பெருகியதால் நம் வில்லிவாக்கத்தையே கிட்னிவாக்கம் என்று கூப்பிட்ட ஊர் இது. குரூப் சேரவில்லை என்றால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் இப்போது சட்டத்தில் இடமுண்டு.

1954இல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றியடைந்த கிட்னி மாற்று, இரட்டைச் சகோதரர்களுக்குள் நடந்தது. கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், வாங்கியவர் ரிச்சர்ட். முந்தின இரவு ரிச்சர்ட் சீட்டு எழுதி அனுப்பினாராம், நீ எழுந்து வீட்டுக்குப் போய்விடு என்று. ரொனால்ட் போகவில்லை. அதற்குப் பிறகு 56 வருடம் வாழ்ந்தார். மாப்பிள்ளை உன்னிடம் இதைப் பற்றி நேராக ஒரு வார்த்தை பேசினாரா? அவர் நல்ல மனுஷன். கேட்டால் பேசுவார் என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். உன் மாமியாரும் வருவார் என்று தெரியும். அவரைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுப்பது என் பொறுப்பு. நீ தனியாக உள்ளே போய்ப் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அக்கா