அந்தக் கையையும் காட்டுங்கள்

சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சியில் செய்தி, நடப்பு விவகார நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தீபாவளி வாரத்தில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு நடந்த விருந்தைப் பற்றி ஒரு செய்தி போட்டீர்கள். எது என்று உங்களுக்கே தெரியும், ஏற்கெனவே மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். "உங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம்" என்று மரியாதையாகப் பதிலும் வந்தது. கவனத்தில் கொண்டது எங்கே போயிற்று என்று தெரியாததால், இப்போது எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

அந்தச் செய்தியில் சிரித்த தம்பி புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். இயந்திரத்தில் மாட்டி இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன, மூன்றாவது மடங்காது. வேலை அனுமதி ரத்தாகி, தற்காலிகமாகத் தங்க மட்டும் விடும் ஸ்பெஷல் பாஸில் இழப்பீட்டுக்காகக் காத்திருக்கிறார். உங்கள் ஆட்கள் பேட்டி கேட்டதும் நண்பரிடம் ஒரு நல்ல சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். இயந்திரத்துக்குத் தடுப்பு இல்லாதது, விடுதியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னது, ஏஜண்டுக்குக் கட்ட ஊரில் வாங்கிய கடன், எதையும் விடவில்லை. கையைத் தூக்கிக் காட்டினார். உங்கள் கேமராக்காரர் கிட்டே வந்து அதைப் படமும் பிடித்தார்.

ஒளிபரப்பில் வந்தது: "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு, எல்லாரும் சொந்தக்காரங்க மாதிரி பார்த்துக்கிறாங்க." அவ்வளவுதான். படம் நெஞ்சுக்கு மேலே. கை இல்லை.

யாரோ அந்தத் துண்டை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் கடன் கொடுத்தவர் வீட்டு வாசலுக்கே வந்து அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறார்: "உன் வீட்டுக்காரன் டிவியில பிரியாணி சாப்பிட்டுக்கிட்டு சிரிக்கிறான், எனக்கு வட்டி குடுக்க மட்டும் வழியில்லையா?" அந்தப் பெண் போனில் அழுதிருக்கிறார். தம்பி என்னிடம் வந்து, "நான் பேசாமலே இருந்திருக்கலாம்க்கா" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

நிறுவனத்தின் தரப்பு கிடைக்கவில்லை, அதனால் அந்தப் பகுதியைச் சேர்க்க முடியவில்லை என்றார் உங்கள் செய்தியாளர். அவர் நல்ல பெண், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், கேட்டோம், நிறுவனம் பதில் தரவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஒளிபரப்புவதுதானே செய்தித் தொழில்? வாயைத் திறக்காமல் இருந்தாலே செய்தி நின்றுவிடும் என்றால், எந்த முதலாளி வாயைத் திறப்பார்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாரம் ஒரு அரை மணி நேரம். ஊழியர் சொல்வதை அவர் குரலிலேயே, அவர் தமிழிலேயே, முழுதாகப் போடுங்கள். பண்டிகை வாரம் என்று பார்க்காமல் எல்லா வாரமும்.

அதனால் என்ன பலன் என்று கேட்பீர்கள். 2020 செப்டம்பர் முதல், வேலையில் காயம்பட்டு டாக்டர் லைட் டூட்டி, அதாவது இலகுவான வேலை மட்டும் என்று எழுதிக்கொடுத்த நாள்களுக்கும் இழப்பீடு உண்டு என்று சட்டம் சொல்கிறது. நான் மொழிபெயர்க்கப் போகும் இடங்களில் இது தெரிந்த தம்பிகள் அபூர்வம். சம்பள பாக்கிக்குப் புகார் கொடுக்க ஓராண்டு கெடு, வேலையை விட்டுவிட்டால் ஆறே மாதம். "ஊருக்குப் போறதுக்குள்ள குடுத்துடுறேன்" என்ற தௌகேயின் (முதலாளியின்) பேச்சை நம்பி அந்தக் கெடுவைக் கோட்டை விடுகிறார்கள். மனிதவள அமைச்சின் அறிக்கையை நீங்கள் அழகாக வாசிக்கிறீர்கள், குறை சொல்லவில்லை. அதை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், "இது உங்களுக்குக் கிடைத்ததா?" என்று ஒருவரிடம் கேட்பது யார் வேலை?

லாரி விஷயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இருவர் இறந்தார்கள். 2023 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு விபத்துகள். அமைப்புகள் கூடி அறிக்கை விட்டன. லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று வர்த்தகச் சங்கங்கள் பதில் அறிக்கை விட்டன. நாடாளுமன்றத்திலும் பேசியாயிற்று. இத்தனை பேர் பேசிய விஷயத்தில், மழைக்குத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிறவரை அரை மணி நேரம் பேசவிட்ட தமிழ் நிகழ்ச்சி ஒன்றை எனக்குக் காட்டுங்கள். லிட்டில் இந்தியா தேக்காவில் தீபாவளி அலங்கார விளக்குகளை மேலேயிருந்து எவ்வளவு நேரம் காட்டினீர்கள்! பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

2020 நினைவிருக்கிறதா? ஒவ்வொரு மாலையும் கோவிட் தொற்று எண்ணிக்கையை விடுதிகளில் இவ்வளவு, சமூகத்தில் இவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து வாசித்தோம். விடுதியில் இருப்பவர் சமூகத்தில் சேர்த்தி இல்லை போலிருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில், விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்று அரசாங்கமே சொன்னது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருவர். அவர்களில் எத்தனை பேர் தமிழில் யோசித்து, தமிழில் பயந்து, கட்டிலில் படுத்தபடி ஊருக்குப் போன் போட்டிருப்பார்கள்! அந்த மாதங்களைப் பற்றி அவர்கள் வாயால் சொல்லி, நம் மொழியில் ஒரு முழுநீளப் பதிவு இன்னும் என் கண்ணில் படவில்லை.

நாடகத்தில் மாமியார் அழுவதற்கு வாரத்தில் ஐந்து நாள் நேரம் இருக்கிறது. சமையல் போட்டியில் தோற்றவர் அழுவதற்கும் இருக்கிறது, பின்னணி இசையோடு. விரல் போனவர் அழக்கூட இல்லை, தெளிவாகக் கணக்குச் சொன்னார். அதற்குத்தான் நேரம் இல்லை. ஒருவேளை அழுதிருந்தால் போட்டிருப்பீர்களோ என்னவோ.

சரி, சண்டை போட எழுதவில்லை. உங்களுக்கு உரிமம் இருக்கிறது, விதிமுறை இருக்கிறது, மேலே கேட்க ஆள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொதுச்சேவை ஒளிபரப்புக்குப் பொதுப்பணமும் வருகிறது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டியவர் பெயரில் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வையும் உண்டு என்பதை நினைவுபடுத்துவதில் தப்பில்லையே?

எனவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வாரம் அரை மணி நேரம், அவர்கள் குரலில், முழுதாக. பெயர் சொல்லப் பயப்படுபவரின் முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள், பேச்சை வெட்டாதீர்கள். உடனே முடியாது என்றால், முதலில் அந்தத் தம்பியின் பேட்டியை வெட்டாமல் போடுங்கள். பதிவு உங்களிடம்தான் இருக்கிறது. நிறுவனத்திடம் இன்னொரு முறை கேளுங்கள், பதில் வந்தால் அதையும் சேர்த்தே போடுங்கள். விடுதிக்கு வர, ஆட்களைச் சந்திக்க, படிவங்களை விளக்க உதவி வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வழக்கமான இடத்தில்தான் இருக்கிறோம். உங்கள் செய்தியாளருக்கு வழி தெரியும்.

அன்புடன்,
சிராங்கூன் சாலையில் மொழிபெயர்ப்பு உதவி செய்யும் தொண்டூழியர் ஒருவர்