கப்பல் வேலைக்குக் கமிஷன் எதற்கு?

ஆசிரியருக்கு,

சொகுசுக் கப்பல்களில் நம் இளைஞர்களுக்கு வேலைவாய்ப்பு பெருகிவருவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். டாலரில் சம்பளம் என்று எழுதியவர்கள், அந்த வேலையை வாங்கித்தர ஏஜெண்ட் ஒரு ரூபாய்கூடக் கமிஷன் கேட்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். இந்தியா 2015-இல் ஏற்ற, 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இதைத் தடை செய்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ் போன்ற சில செலவுகளைப் பணியாளர் ஏற்கலாம். விசாச் செலவுகூட கப்பல் உரிமையாளருடையதுதான்.

கேட்டரிங் முடித்த நான், அம்மாவின் வளையல்களை அடகு வைத்து ஏஜெண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டித்தான் கப்பல் ஏறினேன். ஒன்பது மாத ஒப்பந்தம். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில் இருவருக்கு அடுக்குக் கட்டில். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்பது விதி. பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள்களில் எனக்கு ஏழு மணி நேரம்கூடக் கிடைத்ததில்லை. ஆனாலும், ஓய்வு நேரப் பதிவேட்டில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனால் வட்டியை யார் கட்டுவது? வாங்கிய கடன்தான் என் வாயை அடைத்தது. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் பட்டியலை, ஒவ்வொரு கேட்டரிங் கல்லூரியின் அறிவிப்புப் பலகையிலும் தமிழில் ஒட்டுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். 'கட்டணம் இல்லை' என்ற வரி அதன் தலைப்பிலேயே இருக்கட்டும்.

– முன்னாள் கப்பல் பணியாளர், தூத்துக்குடி