அண்ணா, நாளைக்கு நீதான் செய்யப்போகிறாய்

அண்ணா,

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடலாமா என்று உன்னைக் கேட்டேன். போனில் 'போடு' என்று டைப் செய்து காட்டினாய். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எழுதுகிறேன்.

நாளைக்கு அப்பாவுக்கு வருஷத் திதி. போன வருஷம் அவர் போன அன்றைக்கு, உன்னை மாடி அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டது நான்தான். யார் சொல்லிப் போட்டேன் என்று எழுத மாட்டேன், சொந்தக்காரர்களும் படிப்பார்கள். பறை அடிப்பார்கள், வெடி போடுவார்கள், உன்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். பொய்யில்லை. உனக்கு ஆட்டிசம், சத்தம் ஆகாது. தீபாவளிக்கு நீ படுகிற பாட்டை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஆனால் 'வெடி வேண்டாம்ப்பா' என்று அந்தப் பையன்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். எனக்குத் தோன்றவே இல்லை. சத்தத்தை விட்டுவிட்டு உன்னை அப்புறப்படுத்தினேன். தலைப்பிள்ளை நீ இருக்க, கொள்ளி வைத்தது நான்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அப்பாவின் செருப்பை வாசற்படியில் கொண்டுவந்து வைத்தாய். இரண்டும் தெருவைப் பார்த்து, குதிகால் பக்கம் படியின் விளிம்போடு ஒட்டி. உள்ளே அவர் கட்டைவிரல் பதிந்த பள்ளம் கறுத்துப்போய்த் தெரிந்தது. குரோம்பேட்டையில் அவர் ரயிலைப் பிடிக்க ஓடிய காலத்திலும் சரி, ரிட்டயர் ஆன பிறகும் சரி, ஒருநாளும் நீ தவறியதில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு, "அப்பா வர மாட்டார்டா!" என்று கத்தினேன். உன்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. நீ வெறும் படியையே பார்த்துக்கொண்டு நின்றாய். என்னை மன்னித்துவிடு.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். எனக்கு யார் இருந்தார்கள்? என் பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட வீடே உன் பின்னால்தான் ஓடியது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்தில், "அண்ணனை யார் பார்த்துப்பாங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவர்கள் மேல் வர வேண்டிய கோபத்தை உன் மேல் காட்டினேன்.

1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. உன் முதல் சர்டிபிகேட்டில் 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷன் பெயர்களை வரிசை மாறாமல் எழுதுகிற உன்னை! அதற்குப் பதிலாக வந்த 2016 சட்டம்தான் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. காப்பாளர் என்று ஒருவர் வந்தாலும் உன்னைக் கலந்து, உன்னோடு சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் என்ன செய்தேன்? 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் கொடுக்க வேண்டிய காப்பாளர் விண்ணப்பத்தை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிரப்பிக் கையெழுத்தும் போட்டேன். அம்மாவுக்கு வயதாகிறது, பயம். இன்னும் கொடுக்கவில்லை. வரி வரியாக உனக்குப் படித்துக் காட்டாமல் கொடுக்கவும் மாட்டேன்.

நம் தெரு சலூன்காரர் எந்தச் சட்டத்தையும் படித்தவரில்லை. செவ்வாய்க்கிழமை கடை லீவு. உனக்காக மட்டும் ஷட்டரைப் பாதி தூக்குவார். ஃபேனை நிறுத்திவிடுவார். மெஷின் கிடையாது, கத்தரிதான். "இப்ப காது பக்கம் வரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் கொண்டுவருவார். அப்பா போன அன்றைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வீடு நிறைய ஆள் இருந்தோம்.

நாளைக்கு நாம் நாலு பேர் மட்டும்தான். ஐயரிடம் பேசிவிட்டேன், மெதுவாகச் சொல்வார். கடற்கரை முதல் தாம்பரம் வரை ஸ்டேஷன்களை நீ எழுதுவாயே, அதே மாதிரி எல்லாவற்றையும் வரிசையாக எழுதி உன் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். குளியல் முதலில், காக்காய்க்குச் சோறு கடைசியில். நடுவில் எழுந்து போக வேண்டும் என்றால் போ. நீ வரும்வரை காத்திருப்போம்.

அப்புறம், அந்தச் செருப்பு. நான் தூக்கிப்போடவில்லை. பரணில், பழைய மிக்ஸிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் ஏழே முக்காலுக்கு முன்னால் எடுத்துத் தருகிறேன்.