கண்ணாடி அறை கட்டப்போகும் மகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படத்தை நானும் அப்பாவும் மாறி மாறிப் பார்த்தோம். வீட்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறை, உள்ளே செடிகள், ஊஞ்சல் நாற்காலி, தரையில் பூப்போட்ட டைல்ஸ். ஆசை ஆசையாக வரைந்திருக்கிறாய். ஆனால் செலவுக் கணக்கில் பாதிப் பணம் அலங்காரத்துக்கே போகிறது, மிச்சம்தான் கூரைக்கு. அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கைத் திருப்பிப் போடு. பணம் முதலில் கூரைக்கு. அதிலும் கூரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்துக்கு. நாங்கள் கட்டியபோது முதல் மழையிலேயே அங்கேதான் ஒழுகியது. வேலை செய்தவர் சிலிகான் சீலன்ட் மட்டும் பூசிவிட்டுப் போயிருந்தார். வெயிலில் சுவரும் கூரையும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியில் பூச்சு பிய்ந்துவிடும். சுவரில் காடி வெட்டி, தகரப் பட்டையின் மேல் விளிம்பை அதற்குள் செருகி, கீழ் விளிம்பைக் கூரைமேல் படியவிட வேண்டும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு அப்படிச் செய்தபிறகுதான் ஒழுகல் நின்றது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தோம்.

கூரைக்குக் கண்ணாடி கட்டுப்படியாகாது என்றால் பாலிகார்பனேட் என்கிற, வெளிச்சம் விடும் கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட் போடு, தப்பில்லை. ஆனால் அது வெயிலுக்கு நன்றாக நீளும். 3 மீட்டர் ஷீட், குளிருக்கும் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் கூடிவிடும். அதனால் ஸ்க்ரூவைவிடத் துளை பெரிதாக இருக்கட்டும், ரப்பர் வாஷர் போட்டு அளவாக முடுக்கு. இறுக்கினால் துளையைச் சுற்றி விரிசல் விடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் படலத்தை உரிக்கும் முன் அடையாளம் வைத்துக்கொள். ஷீட்டுக்குள் நீளவாக்கில் இருக்கும் குழல்கள் வாட்டத்தோடு கீழ்நோக்கிப் போகட்டும், உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடிந்துவிடும்.

சுவர்களுக்குப் பழைய ஜன்னல்கள் வாங்கலாம் என்று எழுதியிருந்தாய். நல்ல யோசனை. ஆனால் ஜன்னலை முதலில் வாங்கு, அப்புறம் அதன் அளவுக்குச் சட்டம் அடி. டஃபன்ட் என்கிற, கடினமாக்கிய கண்ணாடியைப் பிறகு வெட்டவே முடியாது, முழுதும் நொறுங்கிவிடும். முடிந்தவரை ஒரே அளவில் தேடு. 1851-இல் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையைக் கட்டிய ஜோசப் பாக்ஸ்டன் தோட்டக்காரராக இருந்தவர்; ஒரே அளவுக் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப வைத்துத்தான் அவ்வளவு பெரிய கட்டடத்தைச் சில மாதங்களில் எழுப்பினார். பழைய ஜன்னலின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்க்காதே, குழந்தை இருக்கும் வீடு.

காற்றை மறந்துவிட்டாய், தம்பி. படத்தில் திறக்கிற ஜன்னல் ஒன்றுகூட இல்லை. சூடான காற்று மேலே போகும். கூரை உச்சியில் ஒரு திறப்பும் தரைக்கு அருகே ஒரு திறப்பும் இருந்தால் அது தானாக ஓடிவிடும். இல்லாவிட்டால் மதியத்தில் உட்கார முடியாது, செடியும் வாடும். மேற்கே பார்த்த அறையானால் திரைச்சீலைக்கும் இப்போதே பணம் ஒதுக்கு. வெளிப்பக்கம் போடும் மறைப்பு இன்னும் நல்லது, வெப்பம் உள்ளே வருவதற்கு முன்பே தடுத்துவிடும்.

அனுமதி வேண்டுமா, அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறதா என்று அஸ்திவாரம் தோண்டும் முன் கேட்டுவிடு.

அலங்காரத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடு. எந்த மாதத்தில் வெயில் எந்த மூலைக்கு வருகிறது என்று உட்கார்ந்து பார். அடர்நிறத் துணி சீக்கிரம் வெளுத்துவிடும், வெளிர் நிறமே எடு. பெரிய தொட்டிகளைத் தரையில் வை. 20 லிட்டர் ஈரமண் தொட்டியை மெல்லிய பலகை தாங்காது. என் மணி பிளான்ட்டிலிருந்து துண்டுகள் நறுக்கித் தண்ணீரில் வைத்திருக்கிறேன், வேர் விட ஆரம்பித்துவிட்டது.

அறை எந்தத் திசையைப் பார்க்கிறது, கூரை சேரும் இடத்தில் சுவர் எவ்வளவு உயரம், இரண்டையும் எழுதி அனுப்பு. வாட்டம் எவ்வளவு கிடைக்கும் என்று அப்பா கணக்குப் போட்டுச் சொல்வதாக இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா