டியூக்ஸ்பரியின் பழைய படங்களைத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

டியூக்ஸ்பரி ஊரையும் அதன் மடாலயத்தையும் காட்டும் பழைய படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பு எழுதும் வேலை முடிந்துவிட்டது. ஆல்பம் அச்சகத்திலிருந்து வந்து என் மேசைமேல் இருக்கிறது. தொகுத்தவர் என்று அட்டையில் என் பெயர் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் படங்களோ உங்கள் வீட்டு அலமாரிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் வந்தவை. ஊர்க்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர்கள் செய்தது தமிழ் வாசகர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டார்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை.

ஊரைப் பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் மேற்கே, குளஸ்டர்ஷயரில், செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கலக்கும் இடத்தில் இருக்கிறது டியூக்ஸ்பரி. பழைய சந்தை ஊர். ஹை ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட், பார்ட்டன் ஸ்ட்ரீட் என்று மூன்று தெருக்கள். மூன்றும் கிராஸ் என்ற முக்கில் கூடுகின்றன. சுற்றிலும் வெள்ளம் ஏறும் புல்வெளி என்பதால் ஊர் வெளியே பரவ வழியில்லை. தெருவோர வீடுகளுக்குப் பின்னால் சந்து சந்தாகக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரு காலத்தில் 90 சந்துகள் வரை இருந்தன என்பார்கள். இன்று மிஞ்சியவை 30 போல. சர்ச் ஸ்ட்ரீட் வழியாக நடந்தால் மடாலயம். 1121-ல் அர்ப்பணித்தது. அதன் நார்மன் கோபுரம் 148 அடி உயரம். ஊரை எந்தப் பக்கமிருந்து படம் எடுத்தாலும் அது உள்ளே வந்துவிடும்.

முதல் நன்றி பார்ட்டன் ஸ்ட்ரீட் பக்கம் குடியிருக்கும் அந்தப் பாட்டிக்கு. கணவரின் தாத்தா எடுத்த கண்ணாடி நெகட்டிவ்களை மரப்பெட்டியில் நிற்கவைத்துக் காப்பாற்றியவர் அவர். நிற்கவைத்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் மேலுள்ள கனத்தில் அடியில் இருப்பது விரிசல் விட்டுவிடும். இது அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லையாம். மாமியார் அப்படித்தான் வைத்திருந்தார், நானும் அப்படியே விட்டுவிட்டேன் என்றார். பெட்டியைத் திறந்ததும் பருத்திக் கையுறை ஒரு ஜோடியை என்னிடம் நீட்டினார். தகட்டை ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில்தான் படம் படிந்திருக்கிறது. இது தெரியாமல் திருப்பி ஸ்கேன் செய்தால் இடம் வலமாகிவிடும். கடைப் பலகை படத்தில் இருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஆறும் மரமும் மட்டும் இருந்தால் எப்படித் தெரியும்? அவர் காட்டிய மங்கல் பக்கம்தான் வழி.

அதே பெட்டியில் மடாலயத்தை வடக்கிலிருந்து எடுத்த தகடு ஒன்று இருந்தது. கோபுரத்தின் விளிம்பை ஒட்டி வானம் முழுக்க செம்பழுப்புச் சாயம் பூசியிருந்தது. கறை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஸ்கேன் செய்து கொடுத்த தம்பி விளக்கினார்: அந்தக் காலத்துத் தகடுகள் நீலத்துக்கு அதிகம் உணர்வு கொண்டவை, வானம் திட்டுத் திட்டாக விழும், அதனால் அச்சுப் போடும்போது வானம் ஒரே வெளுப்பாக வர நெகட்டிவிலேயே தூரிகையால் மறைத்துவிடுவார்கள். உருப்பெருக்கியில் பார்த்தேன். கோபுரத்தின் நான்கு முனைக் கூம்புகளைச் சுற்றியும் தூரிகை ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. அதை வரைந்த கையை நினைத்து நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாயத்தைக் கணினியில் அழித்துச் சுத்தம் செய்யலாமா என்று தம்பி கேட்டபோது வேண்டாம் என்றேன்; ஆல்பத்தில் சாயத்தோடு ஒன்று, அச்சுப் போட்ட நிலையில் ஒன்று என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சம்பளம் என்ற பேச்சையே எடுக்க விடாமல் வார இறுதிகளைத் தந்த அந்தத் தம்பிக்கு என் அன்பு.

அப்புறம் தபால் அட்டைகள். இவை பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் சேகரிப்பு. டியூக்ஸ்பரிக்கு 1840-லேயே ரயில் வந்துவிட்டது. 1961-ல் பயணிகள் ரயில் நின்றது. அந்த நிலையத்தைப் பற்றி என்ன கேட்டாலும் அவரிடம் ஒரு அட்டை இருக்கும். தேதி இல்லாத அட்டைக்கு ஆண்டு கணிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். பிரிட்டனில் 1902 வரை அட்டையின் பின்பக்கம் முகவரிக்கு மட்டும். சேதி எழுத வேண்டுமானால் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுத வேண்டும். அந்த ஆண்டில்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க அனுமதித்தார்கள். பச்சை அரைப் பென்னித் தபால்தலையில் ஏழாம் எட்வர்ட் முகம் இருந்தால் ஒரு கணக்கு, ஐந்தாம் ஜார்ஜ் முகம் இருந்தால் இன்னொரு கணக்கு. 1918-ல் அட்டைக் கட்டணம் ஒரு பென்னி ஆனது. தபால்தலை கிழிந்துபோயிருந்தால்? படத்தைப் பார் என்பார். கிராஸ் முக்கில் போர் நினைவுச் சின்னம் இல்லையா, அப்படியானால் அது எழும்புவதற்கு முன் எடுத்தது.

அவர் தந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஹை ஸ்ட்ரீட் அட்டை ஒன்று. கடைகளுக்கு முன்னால் துணிப்பந்தல், ஒரு குதிரை வண்டி, நடுத்தெருவில் கேமராவைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள். ஒரு பையன் மட்டும் அசைந்துவிட்டான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த புகை. பின்னால் பென்சிலில், நாளை ரயில் தாமதமாகும், சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி. ஒருவேளைச் சாப்பாட்டுக்காக அனுப்பிய அட்டை இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறது. விற்றால் நல்ல விலை போகும் அட்டைகளை ஒரு ரசீதுகூடக் கேட்காமல் என் கையில் கொடுத்தனுப்பினீர்கள், ஐயா. நன்றி.

மடாலயத்தின் உட்புறப் படங்களுக்கு அங்கே பணிபுரிபவர்களும் தன்னார்வலர்களும் செய்த உதவி பெரிது. அந்தக் கட்டடம் இன்று நிற்பதற்கே ஊர்தான் காரணம். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1540 ஜனவரியில் இதுவும் அரசர் கைக்குப் போனது. கூரை ஈயத்தையும் மணிகளையும் உருக்கினால் என்ன பணம் வருமோ அந்த 453 பவுண்டை ஊர் மக்களே திரட்டிக் கொடுத்து, தங்கள் பங்குக் கோயிலாகக் காப்பாற்றிக்கொண்டார்கள். கிழக்குக் கோடியில் இருந்த மாதா சிற்றாலயம் இடிபட்டது. அடைத்த வளைவின் தடம் வெளிச்சுவரில் இன்றும் தெரிகிறது. பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே என்னோடு குளிரில் நின்ற தன்னார்வலர் அம்மாவை மறக்க மாட்டேன்.

1870-களின் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. 1875 முதல் 1879 வரை கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட்டின் திட்டப்படி மடாலயத்தில் பெரிய புதுப்பிப்பு வேலை நடந்தது. பழையதைப் பழையபடி ஆக்குகிறோம் என்று சொல்லிப் பழமையை அழிக்கிறார்கள் என்று இந்த வேலையை எதிர்த்துக் கொதித்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877 மார்ச்சில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதே மாதம் பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் சங்கம் பிறந்தது. இன்று பிரிட்டனில் ஒரு பழைய சுவரில் கை வைக்கும் முன் யோசிக்கிறார்கள் என்றால் அதில் டியூக்ஸ்பரிக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் புதுப்பிப்பு வேலைக்கு முன் எடுத்த படம் எது, பின் எடுத்தது எது என்று கல்லையும் இருக்கைகளையும் வைத்துப் பிரித்துத் தந்த ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். என் பார்வையில் ஆல்பத்தின் மிக முக்கியமான பக்கங்கள் அவையே.

குளஸ்டர்ஷயர் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் பெட்டி பெட்டியாக எடுத்துத் தந்தவர்களுக்கும், ஸ்விண்டனில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்தில் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கும் நன்றி. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து கட்டடங்கள் போவதற்குள் படமாவது எடுத்துவைப்போம் என்று தொடங்கிய முயற்சியின் படங்கள் ஸ்விண்டனில்தான் இருக்கின்றன.

வெள்ளப் படங்கள் தந்த குடும்பங்களிடம் என்ன சொல்வது? 1947 மார்ச்சில் பனி உருகி வந்த வெள்ளத்தில் தெருவில் படகு விட்ட படத்தை ஒரு வீட்டிலிருந்து கொடுத்தார்கள். படகில் இருக்கும் கைக்குழந்தைதான் இன்று அந்த வீட்டுப் பெரியவர். 2007 ஜூலையில் மடாலயம் நடுத்தீவாக நின்ற வான்வழிப் படம் உலகம் முழுக்கப் போனது. மைத் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வெள்ளம் புகுந்து சுமார் 3,50,000 பேருக்குக் குழாய்த் தண்ணீர் நின்றதும் அப்போதுதான். 1760-க்குப் பிறகு மடாலயத்துக்குள்ளேயே தண்ணீர் வந்தது அந்த முறைதான். அந்த வாரத்தில் வீட்டையும் வீட்டு ஆட்களையும் இழந்தவர்களிடம் படம் கேட்கப் போகவே தயக்கமாக இருந்தது. போனவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ஆல்பத்தையே முன்னால் வைத்தீர்கள். பிரிக்க முடியாத பக்கங்களைப் பிரிக்காமல், ஒட்டியது ஒட்டியபடியே படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன்.

தமிழ்ப் பக்கத்துக்கு வருகிறேன். குளஸ்டரில் இருக்கும் அக்கா குறிப்புகள் அத்தனையையும் வரி வரியாகப் படித்துத் திருத்தினார். இங்கே படிப்பவருக்கு மட்டும் எழுதாதே, மதுரையில் இருக்கும் என் அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் மாப் சந்தைக் குறிப்பு உருப்பட்டது. அக்டோபரில் கூடும் இந்தச் சந்தையில் ஒரு காலத்தில் பண்ணை வேலைக்கு ஆள் எடுப்பார்கள். தொழிலின் அடையாளத்தை உடம்பில் வைத்துக்கொண்டு ஆட்கள் தெருவில் நிற்பார்கள். இன்று ராட்டினமும் தீனிக் கடைகளும்தான். பிரிஸ்டல் அண்ணன் காரில் என்னை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். மழையில் பெட்டிகளைத் தன் கோட்டைப் போட்டு மூடினார். இருவருக்கும் வெறும் நன்றி போதாது, வீட்டுக்கு வந்து சாப்பிட்டே ஆக வேண்டும்.

அசல் படங்களும் தகடுகளும் உறையிட்டுப் பெயர் எழுதித் தயாராக இருக்கின்றன. யாரும் அலைய வேண்டாம், நானே வீடு வீடாகக் கொண்டுவந்து தருகிறேன். படம் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆல்பத்தில் ஒரு பிரதி உண்டு. படத்தில் இருப்பவர்களில் இன்னும் பலருக்குப் பெயர் சேர்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் இடம் விட்டிருக்கிறேன். யாரையாவது அடையாளம் தெரிந்தால் பென்சிலில் எழுதி எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த அச்சில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் தொகுத்தவன்