புவியியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்: பிள்ளைகள் ஒரு கண்மாயையாவது வரைந்துவிட்டு வரட்டும்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பதினான்கு வருடமாக ஜிஐஎஸ், அதாவது கணினியில் வரைபடமும் இடத் தகவலும் கையாளும் வேலையில் இருக்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது நேர்காணலில் என்னையும் உட்கார வைப்பார்கள். அங்கே பார்த்த ஒன்றை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முதுகலைப் புவியியல், நல்ல மதிப்பெண், கையில் மூன்று சான்றிதழ். அவர் ஊர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் எல்லைக் கோப்பைக் கொடுத்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் ஏற்றிக் காட்டச் சொன்னோம். உலகை 6 பாகை அகலப் பட்டைகளாகப் பிரித்து எண் கொடுப்பதுதான் யுடிஎம்; எந்த யுடிஎம் மண்டலம் என்ற தகவலை மட்டும் கோப்பிலிருந்து எடுத்துவிட்டிருந்தோம். அவர் பழக்கத்தில் 44 என்று கொடுத்தார். கண்மாய் இலங்கைக்கும் கிழக்கே, வங்கக் கடலில் போய் விழுந்தது. சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி! பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

78 பாகைத் தீர்க்கரேகைதான் 43-க்கும் 44-க்கும் எல்லை. சென்னை, மதுரை, சேலம் 44. கோவை, ஈரோடு, நெல்லை 43. திண்டுக்கல் அந்தக் கோட்டை ஒட்டினாற்போல மேற்கே இருக்கிறது. இதில் அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யுடிஎம் என்றால் என்ன என்று கேட்டதும் கடகடவென்று சொன்னார். தன் ஊர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்க்கும் தேவைதான் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. செய்முறை வகுப்பில் எல்லோருக்கும் ஒரே கோப்பு, அதுவும் ஏற்கெனவே சரிசெய்து வைத்தது. எந்தப் பட்டனை அழுத்தினோம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினால் முடிந்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் தன் ஊர் ஏரியையோ, கண்மாயையோ, வார்டையோ தானே நடந்து வரைந்து முடிக்கட்டும். மடை எங்கே, கலுங்கு எங்கே, அந்த இடத்துக்கு ஊரார் சொல்லும் பெயர் என்ன என்று கேட்டுத் தமிழிலேயே பதியட்டும். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள், ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் என்ற அளவில், இலவசமாகவே கிடைக்கின்றன. மழைக்கு முன்னும் பின்னும் நீர்ப்பரப்பை ஒப்பிட அது போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கும் காசு கிடையாது. 2015 சென்னை வெள்ளத்தின்போது தண்ணீர் தேங்கிய தெருக்களை யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பொதுமக்களே குறித்துக் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளால் முடியாதா?

அப்புறம், எஃப்எம்பி எனும் நில அளவைப் புல வரைபடம். ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரை ஒருநாள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். பழைய புல வரைபடத்தில் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும் அளவைப் படிப்பது எப்படி, ஒரு சங்கிலிக்கு 66 அடி என்றால் நூறில் ஒரு பங்கான ஒரு லிங்க் எவ்வளவு, புதருக்குள் புதைந்த எல்லைக் கல்லை எப்படித் தேடுவது என்று அவர் காட்டுவார். அந்த வரைபடத்தை ஆயத்தொலைவோடு பொருத்தத் தெரிந்தவர்களைத் தேடி நாங்கள் அலைகிறோம். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியின் வழி வந்ததுதான். 1802-இல் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்துத்தான் இந்தியாவை முக்கோணங்களாக அளந்த தன் பெரிய அளவையைத் தொடங்கினார். வெயிலில் நடந்து அளப்பது இந்தத் துறைக்குப் புதிதில்லை.

வேலையைப் பற்றியும் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். முதல் வேலை பெரும்பாலும் டிஜிட்டைசிங்தான். நாள் முழுக்கக் கட்டடத்தின் ஓரத்தைக் கிளிக் செய்துகொண்டே இருக்க வேண்டும், சம்பளமும் குறைவு. என்னோடு சேர்ந்தவர்களில் சிலர் ஐந்து வருடம் கழித்தும் அதே நாற்காலியில் இருந்தார்கள். மேலே போனவர்கள் தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்க்யூஎல்லும், நிரல் எழுதக் கொஞ்சம் பைத்தானும் கற்றுக்கொண்டவர்கள். 2021 பிப்ரவரியில் வரைபடத் தரவுக்கான கட்டுப்பாடுகளை மத்திய அரசு பெருமளவு தளர்த்தியது. அடுத்த ஆண்டே தேசிய புவிசார் கொள்கையும் வந்தது. மாநகராட்சி, மின்வாரியம், குடிநீர்க் குழாய், பயிர்க் காப்பீடு என்று வரைபடம் தேவைப்படாத இடமே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்தோம். 43 என்று மாற்றினார். கண்மாய் தன் இடத்துக்கு வந்ததும் திரையைத் தொட்டு, “சார், இந்த மடையில்தான் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும்” என்றார். அந்த ஊர் அறிவு மூன்று சான்றிதழில் எதிலும் இல்லை.

சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் உண்டு. கூப்பிட்டால் என் செலவில் வருகிறேன். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்நிலையின் பெயரையும், அது 43-இலா 44-இலா என்பதையும் மாணவர்கள் பார்த்து வைத்திருந்தால் போதும், அன்றைக்கே நடக்கத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
ஒரு ஜிஐஎஸ் பணியாளர்